இரண்டாவது முறை மூழ்கிய கப்பல்

எங்கள் வீட்டில் யுத்தக் கதையை யாரும் தனியாகச் சொன்னது கிடையாது. அக்கா ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பாள், நான் முடிப்பேன், தம்பி எங்கள் இரண்டு பேரையும் திருத்துவான். இத்தனைக்கும் நாங்கள் கப்பலில் குடியிருந்தபோது அவனுக்குப் பல்லே முளைக்கவில்லை.

"கப்பல் இடது பக்கம்தானே சாஞ்சிருந்தது?" என்று போன வாரம்கூட அக்கா ஆரம்பித்தாள்.

"முதல்ல இடது. அப்புறம்தான் வலது" என்றான் தம்பி.

"நீ என்னத்தடா கண்டே? தூளியில கெடந்த பயல்."

"கெடந்தா? தூளி சாயறது எனக்குத் தெரியாதா?"

"தூளி எங்கடா சாஞ்சது? அந்தக் கப்பல்லயே நேரா தொங்கினது அது ஒண்ணுதான்."

இப்படித்தான் போகும். மூன்று பேரும் பேசி ஓய்ந்த இடங்களில் கிடைத்ததைப் பொறுக்கி எழுதுகிறேன்.

அப்பா எண்ணெய்க் கப்பலில் பம்ப்மேன். கப்பலை எங்கே கொண்டுபோவது என்பது கேப்டன் பாடு. எந்தத் தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கவேண்டும், எதிலிருந்து எதற்கு மாற்றவேண்டும் என்பது அப்பா பாடு. ஒரு பக்கம் எண்ணெய் கூடினால் கப்பல் அந்தப் பக்கம் சாயும். குழாய்மேல் உள்ளங்கையை வைத்தே எண்ணெய் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவார். கப்பல் சாயாமல் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாக வைத்திருந்த அந்த மனுஷனிடம் யுத்தம் வந்த பிறகு ஒரு நாள் கேப்டன் வந்து, "சாச்சிடு" என்றார்.

விரிகுடாவில் அப்போது எங்களுடையதைப் போல வரிசையாக எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. ஓட லாயக்கில்லாத கிழட்டுக் கப்பல்கள். எண்ணெயை வைத்துக்கொள்ள மட்டும் உதவின. கரையில் எங்கள் தெருவே குண்டில் போய்விட்டதால், மாலுமிகள் காலி செய்த அறைகளில் நாங்கள் குடியேறியிருந்தோம். மற்ற எல்லோரும் சண்டைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் கேப்டன், அப்பா, சமையல்காரர், அம்மா, நாங்கள் மூன்று உருப்படிகள். தினமும் மதியம் விமானம் வரும். நேராக நிற்கிற கப்பலாகப் பார்த்துக் குண்டு போடும். பக்கத்துக் கப்பல் நாள் கணக்கில் எரிந்தது. அதில் இருந்தவர்கள் காலையில் எங்களுக்குக் கை காட்டியவர்கள். அது அணைந்த பிறகுதான் கேப்டன் அப்படிச் சொன்னார்.

"எதுக்கு சார் சாய்க்கணும்?"

"மேலேர்ந்து பாக்கிறவன் இது முழுகிப்போன கப்பல்னு நினைச்சுட்டுப் போயிடுவான். செத்தவன் தலையில யாருய்யா குண்டு போடுவா?"

"எவ்வளவு சாய்க்கணும்?"

"பாக்கிறவன் அடப்பாவமேன்னு சொல்லணும். உள்ள இருக்கிறவன் உக்காந்து சாப்பிடவும் முடியணும். நடுவுல ஒரு இடம் பாத்து நிறுத்து."

அப்பா நிறுத்தினார். கப்பலின் இடது ஓரத்தில் கடல் ஏறி இறங்கியது. கேப்டன் தாரும் துருவுமாகக் குழைத்துப் பக்கவாட்டில் பூசி, கிழிந்த கயிறுகளைத் தொங்கவிட்டு, சின்னப் படகில் போய்த் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து கண் கலங்கினார். "அச்சு அசலா செத்துக் கெடக்கு" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் குடித்தனம் சரிவில் நடந்தது. அப்பா எல்லா நாற்காலிக்கும் மேட்டுப்பக்கக் கால்களை அறுத்துக் குட்டையாக்கினார். கட்டிலுக்கும் அப்படியே. எது தொலைந்தாலும் எங்கள் வீட்டில் தேடுகிற வழக்கம் போய்விட்டது. பொத்தான், சீப்பு, கரண்டி, அக்காவின் செருப்பு, எல்லாம் தானாக இடது மூலைக்கு வந்து சேரும். சமையல்காரருக்கு அரைக்கரண்டி என்று பெயர். நேரான கப்பலிலேயே அரைக் கரண்டிதான் ஊற்றுவார். இப்போது சாக்கு கிடைத்துவிட்டது.

"கிண்ணம் வழிஞ்சுடும் அண்ணி, அதுக்குத்தான்."

"கிண்ணம் வழியாது. உங்க மனசுதான் வழியாது" என்பாள் அம்மா.

அவர் சுடுகிற ரொட்டி ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் அப்பளமாகவும் வரும். தடிப்பக்கத்துக்கு அக்காவும் நானும் போட்ட சண்டையில் இன்னும் பாக்கி இருக்கிறது. சண்டை என்றால் அம்மா எப்போதும் மேட்டுப்பக்கம் போய் நின்றுகொள்வாள். அப்பா பள்ளத்தில் நின்று அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்லி ஜெயித்ததே இல்லை.

கேப்டனுடைய சட்டங்கள்தான் கொடுமை. எண்ணெய்க் கப்பலில் ஏற்கெனவே சட்டம் அதிகம்: பின்பக்கத்து அடுப்பைத் தவிர வேறெங்கும் நெருப்பு கூடாது, பொறி பறக்கக்கூடாது என்று சுத்தியல்கூடப் பித்தளை. இப்போது செத்தவர்களுக்கான சட்டமும் சேர்ந்துகொண்டது. மேல்தளத்தில் துணி காயப்போடக்கூடாது. பாடக்கூடாது. விமானச் சத்தம் கேட்டால், இருக்கிற இடத்திலேயே பிணமாக விழவேண்டும்.

"பம்பு எஞ்சின் புகையைக் கக்குதே, அது தெரியாதா?" என்றாள் அம்மா.

"புகை வரலாம்மா. முழுகுற கப்பல்ல புகை வரும். துணிதான் காயாது."

"குழந்தைத் துணிங்க. வேற எங்க காயப்போடறது?"

"என் அறையில கட்டிக்கோங்க." தம்பியின் துணிகளுக்குக் கீழேதான் கேப்டன் அதன் பிறகு தூங்கினார்.

ஒருநாள் கைப்பிடிக் கம்பியில் கடற்பறவைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கேப்டன் எங்களை எல்லாம் மூச்சுவிடாமல் இருக்கச் சொன்னார். "பறவையே நம்பிடுச்சு. இனிமே கவலை இல்லை."

விமானமும் நம்பியது. பக்கத்துக் கப்பல்களைத் தேடிக்கொண்டு போகும், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது தண்ணீர்ப் படகு வராமல் போயிற்று.

குடிக்கிற தண்ணீர் கரையிலிருந்துதான் வரவேண்டும். வாரம் ஒரு படகு. ஊரில் குழாயெல்லாம் உடைந்துவிட்டதால், துறைமுக ஆபீஸ் தொட்டியைத் தவிர வேறெங்கும் நல்ல தண்ணீர் கிடையாது. ஒரு வாரம் படகு வரவில்லை. சரி, ஏதோ தாமதம். அடுத்த வாரமும் வரவில்லை. எங்கள் தொட்டியின் அடியில் கரண்டி இடிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்பாவும் அரைக்கரண்டியும் சின்னப் படகைத் துடுப்புப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனார்கள்.

ஆபீஸில் நடந்ததை அரைக்கரண்டி பிற்பாடு நடித்தே காட்டுவார். ஆபீசரின் அறைச் சன்னல் கடலைப் பார்த்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவர் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"தப்பிச்சிட்டியா! ரொம்ப சந்தோஷம்ப்பா."

"எதுலேர்ந்து சார்?"

"கப்பல் முழுகினதுலேர்ந்து."

"முழுகலை சார். சாஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அதிர்ச்சி. உக்காரு, உக்காரு."

"சார், விமானத்துக்குப் பயந்து நாங்களே சாச்சது. நான்தான் சாச்சேன்."

ஆபீசர் கையை விட்டுவிட்டார். "நீயா முழுகடிச்சே? இதை நான் காதுல வாங்கலை. வெளியில எங்கயும் சொல்லித் தொலைச்சுடாதே."

அரைக்கரண்டிக்குப் பொறுக்கவில்லை. "சார், கேப்டன் அங்கதான் இருக்காரு. காலையில என் கையால டீ வாங்கிக் குடிச்சாரு."

ஆபீசர் தொப்பியைக் கழற்றினார். "கேப்டன் கப்பலோட போயிட்டார். தங்கமான மனுஷன். இங்க எல்லாரும் எழுந்து நின்னு மௌனமா மரியாதை செஞ்சோம். பியூன்கூட அழுதான்."

"அப்போ தண்ணி சார்?" என்றார் அப்பா.

"தப்பிச்சு வந்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கூஜா தண்ணி, ஒரு போர்வை. வாங்கிக்கோங்க. முழுகின கப்பலுக்குத் தண்ணி அனுப்பினேன்னு தெரிஞ்சா என்னைச் சும்மா விடுவாங்களா? அதைச் சுத்தித்தான் அவ்வளவு தண்ணி கெடக்கேம்பாங்க."

"சன்னல் வழியா நல்லாப் பாருங்க சார்."

"தினம் பாத்துக்கிட்டுதானேப்பா இருக்கேன்? நேரா நிக்கட்டும், நானே படகு அனுப்பறேன்."

"நேரா நின்னா விமானம் வருமே."

"அது எங்க பிரிவு இல்லப்பா."

இரண்டு கூஜாவும் இரண்டு போர்வையுமாகத் திரும்பி வந்தார்கள். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏணி உச்சியில் நின்றிருந்தாள். கேப்டன் அவளுக்கும் முன்னால் நின்றார்.

"யாரு அழுதாங்கன்னு சொன்னே?"

"பியூன் சார்."

"ஆபீசர்?"

"தொப்பியைக் கழட்டினாரு."

"தொப்பியை மட்டுமா?" கேப்டனுக்கு முகம் வாடிப்போயிற்று. "எவ்வளவு நேரம் நின்னாங்க?"

"சார்" என்றாள் அம்மா. "நீங்க செத்தது எப்படி இருந்துதுன்னு அப்புறம் கேட்டுக்கோங்க. இவனைப் பாருங்க."

தம்பி அழுதுகொண்டிருந்தான். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்து மூடியது. அதை அக்கா சொல்லும்போது மட்டும் தம்பி திருத்த மாட்டான்.

"எனக்குக் குடிக்கத் தண்ணி இல்லை. இவனுக்கு எங்கேர்ந்து பால் வரும்? ரெண்டு நாளா வத்திக்கிட்டே வருது. ஏங்க, கப்பலை நிமித்துங்க."

"குண்டு போடுவான்ம்மா" என்றார் கேப்டன்.

"போடட்டும். குண்டுல போனா தாகம் எடுக்காது."

அப்பா பள்ளத்திலிருந்து அவளை அண்ணாந்து பார்த்தார். "விடிஞ்சதும் எஞ்சினைப் போடறேன். வெயில் ஏறும்போது நேரா நிக்கும். அந்த ஆளு சன்னல்ல பாத்துக்கட்டும். விமானம் வர்றதுக்குள்ள பழையபடி சாச்சுடறேன்."

மறுநாள் விடிந்ததும் இடது தொட்டிகளிலிருந்து வலது தொட்டிகளுக்கு எண்ணெய் போக ஆரம்பித்தது. அப்பா குழாயில் கை வைத்தபடி நின்றார். கப்பல் அசையவில்லை. வெயில் ஏறியது. அசையவில்லை.

"என்னங்க, இது நிஜமாவே தரை தட்டிப் போச்சா?"

"இல்லடி. போகுது, கையில தெரியுது."

தொட்டி முழுக்க நிறைந்திருந்தால் எண்ணெய் கம்மென்று கிடக்கும். பாதி நிறைந்த தொட்டியில்தான் அது இங்கும் அங்கும் ஓடும். ஓடத் தொடங்கினால் கப்பலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். பம்ப்மேன்களுக்கு இது முதல் பாடம். அவசரப்பட்டு எல்லாத் தொட்டியையும் ஒரே நேரத்தில் திறந்து பாதிப் பாதியாக வைக்கவே கூடாது. தம்பி வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே அப்பா எல்லாத் தொட்டியையும் திறந்துவிட்டிருந்தார்.

மதியமாயிற்று. விமானச் சத்தம் கேட்டது.

"பொணம் ஆகுங்க! எல்லாரும் பொணம் ஆகுங்க!" என்று கேப்டன் கத்தினார்.

மேல்தளத்தில் ஆளுக்கொரு பக்கம் விழுந்தோம். அம்மா தம்பியை மார்பில் அணைத்துக் கவிழ்ந்து படுத்தாள். அப்போது பார்த்துக் கப்பல் ஒரு பெருமூச்சு விட்டதுபோல எழுந்தது. இடது மூலையில் வாரக்கணக்காகச் சேர்ந்து கிடந்த பொத்தானும் சீப்பும் கரண்டியும் கடகடவென்று கீழ்த்தளத்தில் கிளம்பிப்போகிற சத்தம் கேட்டது. ஒரு நொடி எல்லாம் நேராக இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. அந்த நொடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எண்ணெய் நிற்கவில்லை. கப்பல் நடுவைத் தாண்டி வலது பக்கம் சாய்ந்துகொண்டே போயிற்று.

பிணங்கள் உருள ஆரம்பித்தன.

"கம்பியைப் பிடிக்காதே! பொணம் எங்கயாவது கம்பியைப் பிடிக்குமா?" என்று உருண்டுகொண்டே கேப்டன் அதட்டினார்.

"பொணம் மட்டும் பேசுமா?" என்றாள் அம்மா, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி.

"அண்ணே, என் டீச்சட்டி!" என்றார் அரைக்கரண்டி எங்கிருந்தோ.

"செத்தவனுக்கு டீ எதுக்குய்யா?" என்றார் கேப்டன்.

விமானம் தாழ வந்தது. எங்கள் தலைக்கு மேலே வட்டம் போட்டது. யோசனையாக இன்னொரு வட்டம் போட்டது. வலது ஓரத்தில் நாங்கள் ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்து கிடந்தோம். என் முகத்தின்மேல் அக்காவின் முழங்கால். பிறகு விமானம் போய்விட்டது.

"அந்த விமானக்காரன் ஊருக்குப் போய் என்னன்னு சொல்லியிருப்பான்?" என்று தம்பி இன்னமும் கேட்பான்.

"என்னத்தைச் சொல்லுவான்? முழுகின கப்பல் புரண்டு படுத்துதுன்னு சொன்னா அவனைத்தான் பிடிச்சுக் கட்டிப்போடுவாங்க" என்பாள் அக்கா.

எழுந்து பார்த்தபோது கப்பல் கச்சிதமாக வலது பக்கம் மூழ்கிக் கிடந்தது. கால் அறுத்த நாற்காலிகள் எல்லாம் இப்போது இரண்டு மடங்கு சாய்ந்து முதுகுகாட்டிக் கிடந்தன. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு, குழாய்மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்.

அம்மா அவரைத் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "படகை இறக்குங்க. நான் போறேன்" என்றாள்.

அப்பாவும் அரைக்கரண்டியும் துடுப்புப் போட, அம்மா தம்பியோடு கரைக்குப் போனாள். அக்காவையும் என்னையும்கூடக் கூட்டிப்போனாள். கேப்டன் பிணத்தோடு விட்டுவிட்டு வர மனசில்லை என்றாள். ஆபீசர் எங்களைப் பார்த்ததும் மறுபடியும் தொப்பியைக் கழற்றினார்.

"பாத்தேன்ம்மா. இந்தச் சன்னல்லேர்ந்து கண்ணால பாத்தேன். மறுபடியும் முழுகிடுச்சே!"

அவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களை உற்றுப் பார்த்தார். மேசைக்கு முன்னால் நாங்கள் வரிசையாக நின்றிருந்தோம். எல்லோரும் ஒரே பக்கமாக, ஒரே அளவுக்குச் சாய்ந்து.

"ஏன் எல்லாரும் கோணலா நிக்கறீங்க?"

"நாங்க சரியாத்தான் நிக்கறோம்" என்றாள் அம்மா. "உங்க ஆபீஸ்தான் சரியில்லை."

"என் ஆபீஸா?"

அம்மா மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்து நடுவில் வைத்தாள். அது வைத்த இடத்திலேயே கிடந்தது.

"பாத்தீங்களா? உருளவே மாட்டேங்குது. நல்லபடியா இருக்கிற இடத்துல வெச்ச பென்சில் வெச்ச மாதிரியே கெடக்குமா?"

ஆபீசர் பென்சிலைப் பார்த்தார். விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை பூத்ததை அக்கா பார்த்தாளாம்.

"அது இருக்கட்டும் சார். கப்பல் எத்தனை தடவை முழுகிச்சு?"

"ரெண்டு தடவைம்மா."

"முதல் தடவை எந்தப் பக்கம்?"

"இடது."

"இன்னிக்கு?"

"வலது. நல்லாப் பாத்தேன்."

"முழுகிக் கெடக்கிறது மறுபடியும் முழுகணும்னா, நடுவுல எழுந்திருக்கணுமா இல்லையா?"

வாசலில் நின்ற பியூன் எட்டிப் பார்த்தார்.

"எழுந்திருக்கணும்" என்றார் ஆபீசர் மெதுவாக.

"எழுந்து நிக்கிற கப்பலுக்குத் தண்ணி உண்டா, இல்லையா?"

"உண்டு. ஆனா அது கொஞ்ச நேரம்தானேம்மா எழுந்து நின்னுது?"

"கொஞ்ச நேரத்துக்கு எவ்வளவு தண்ணி தருவீங்க?"

"அப்படிக் கொடுக்க வழியில்லைம்மா. கொடுத்தா ஒரு வாரத்துப் படகாத்தான் கொடுக்கணும்."

"அதையே கொடுங்க."

ஆபீசர் சன்னலைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார், அம்மாவின் தோளில் கிடந்த தம்பியைப் பார்த்தார். தம்பியைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்பது அப்பா கட்சி. பியூனைக் கூப்பிட்டு, படகுக்காரரிடம் தண்ணீர் நிரப்பச் சொன்னார்.

அம்மா நகரவில்லை. "அடுத்த வாரம் சார்?"

"அடுத்த வாரம் அது முழுகின கப்பல்ம்மா."

"மறுபடியும் எழுந்து முழுகினா?"

"மறுபடியும் ஒரு படகு. வேற வழி?" அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒரு கப்பல் எத்தனை தடவைம்மா முழுகும்?"

"அது உங்க பிரிவு இல்லையே சார்" என்றாள் அம்மா.

ஆபீஸ் வாசலிலேயே பியூன் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். கேப்டன் நன்றாக இருக்கிறாரா என்று காதோடு கேட்டார். மறுபடியும் எல்லோரும் எழுந்து நிற்கவேண்டியிருக்கும் என்றும், இந்தத் தடவை தன்னால் அழ முடியுமா என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

வெயில் தாழ்ந்தபோது தண்ணீர்ப் படகு வந்தது. படகுக்காரர் பீப்பாய்களை ஏற்றிவிடுவதற்கு முன் நெடுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்தவங்களுக்குத் தண்ணி கொண்டுவர்றது எனக்கு இதுதான் முதல் தடவை" என்றார்.

"பழகிடும்" என்றார் அரைக்கரண்டி.

கேப்டன் மட்டும் வெளியே வரவில்லை. தான் இரண்டாவது தடவையும் கப்பலோடு போனவர் என்பதால் படகுக்காரர் கண்ணில் படுவது முறையில்லை என்று, தம்பியின் துணிகளுக்குப் பின்னால் இருந்துகொண்டார்.

அம்மா குவளை குவளையாகக் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரமாக உட்கார்ந்து தம்பியை மடியில் போட்டுக்கொண்டாள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தம்பி சப்புகிற சத்தம் கேட்டது. அப்பா அதைக் கேட்டுவிட்டுத்தான் பம்பு அறைக்கு இறங்கினார்.

சற்றைக்கெல்லாம் எஞ்சின் சத்தம் கேட்டது. அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணி வாயிலில் வந்து குனிந்தாள்.

"என்னங்க, இப்பவே ஆரம்பிச்சிட்டீங்க? அடுத்து எப்போ முழுகறோம்?"

"இந்தத் தண்ணி தீர்றதுக்குள்ள" என்று கீழேயிருந்து அப்பா குரல் வந்தது. "இந்தத் தடவை ஒவ்வொரு தொட்டியாத்தான் திறக்கறேன்."

"ஆமா, மெதுவாவே முழுகுங்க. புள்ளை இப்போதான் தூங்கறான்."